சார்ட்டைப் படிக்கப் பழகுங்கள், கோடு பின்னால் வரும்

போன வாரம் பேரணாம்பட்டிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு வந்தாள். பி.எஸ்சி. விலங்கியல் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. கையில் ஒரு பயிற்சி மையத்தின் நோட்டீஸ். "அக்கா, மூணு மாசத்துல மெடிக்கல் கோடர் ஆக்கிடுவாங்களாம். நூறு சதவீதம் வேலை உறுதின்னு போட்டிருக்கு. நாளைக்குள்ள கட்டினா பாதி ஃபீஸ்தானாம். கட்டிடலாமா?" என்று கேட்டாள். மெடிக்கல் கோடர் என்றால் நோயாளியைப் பற்றி மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோயையும் சிகிச்சையையும் எண்களாக மாற்றுகிறவர். அந்தக் குறிப்பைச் சார்ட் என்போம், அந்த எண்ணைக் கோடு என்போம். அம்மா பணத்தைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். வளையலை அடகு வைத்த பணம்.

"நாளைக்குக் கட்ட வேண்டாம்மா, இரண்டு மாசம் கழித்துக் கட்டலாம்" என்றேன். அந்த இரண்டு மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அன்று மத்தியானம் அவளுக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, திருப்பத்தூர் என்று நம் பழைய வடஆற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதே நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் குடியாத்தத்துக்காரி. அம்மா பீடி சுற்றி என்னைப் படிக்கவைத்தார். 2009இல் டிகிரி முடித்ததும் வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில், எம்.ஆர்.டி. என்பார்களே, அங்கே ஃபைல் எடுத்து வைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருஷம் கழித்துச் சென்னைக்குப் போய் கோடர் ஆனேன். 2020இல் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது ஊருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது ஆடிட் பார்க்கிறேன், அதாவது மற்றவர்கள் போட்ட கோடு சரியா என்று பார்க்கும் வேலை. தவறுகள் எங்கே பிறக்கின்றன என்பதைத் தினமும் பார்க்கிறேன். பத்தில் எட்டுத் தவறு கோடு தெரியாமல் வருவதில்லை. சார்ட்டைச் சரியாகப் படிக்காமல் வருகிறது.

இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள்

மெடிக்கல் கோடிங், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் பிள்ளைகள் சென்னையில் செய்யும் கோடிங் பெரும்பாலும் அமெரிக்க நோயாளிகளுடையது. அங்கே மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை எண்களாக மாற்றிக் கொடுத்தால்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். நோய்க்கு ஐ.சி.டி.-10-சி.எம்., சிகிச்சைக்கு சி.பி.டி., மருந்து, ஊன்றுகோல், சக்கர நாற்காலி மாதிரியான பொருள்களுக்கு எச்.சி.பி.சி.எஸ். என்று மூன்று புத்தகங்கள். உள்நோயாளி அறுவைசிகிச்சைக்கு ஐ.சி.டி.-10-பி.சி.எஸ். என்று ஏழு எழுத்துக் கோடு தனியாக உண்டு. அதை ஆரம்பத்திலேயே தொட வேண்டாம்.

ரெக்கார்ட்ஸ் வேலை இங்கேயே, நம் மருத்துவமனைகளில் இருப்பது. நோயாளியின் ஃபைலைத் திறப்பது, சேர்ப்பது, குறை பார்ப்பது, காப்பது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது, இறப்புக் காரணத்தைப் பதிவுக்கு அனுப்புவது, புள்ளிவிவரம் எடுப்பது. வேலூரில் சி.எம்.சி. இருப்பதால் இந்த வேலையின் மதிப்பு நம் ஊருக்குப் புதிதல்ல. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம் அது. இன்று வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வருகிற ஒருவரின் பழைய குறிப்பு கையில் கிடைத்தால்தான் அவருக்கு வைத்தியம் சரியாக நடக்கும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸுக்கென்றே அங்கே படிப்பும் இருக்கிறது. பிளஸ் டூவில் இருக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். டிகிரி முடித்துவிட்டு மூன்று மாத வகுப்புக்கு ஓடுவதைவிட முதலிலேயே இதைப் படித்தால் இரண்டு பக்கமும் வழி திறக்கும்.

கோடிங் கம்பெனிகள் பொதுவாக உயிரியல் சார்ந்த படிப்பைத்தான் கேட்கின்றன. விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, நர்சிங், பார்மசி, பிசியோதெரபி எல்லாம் சரி. பி.காம். படித்தவர்களுக்குக் கோடிங்கைவிட அதன் பக்கத்திலேயே இருக்கும் பில்லிங், ஏ.ஆர். காலிங் (வராத பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஃபோனில் கேட்பது) வேலைகளில் கதவு சீக்கிரம் திறக்கும்.

முதல் இரண்டு மாதம், காசு செலவில்லாமல்

பேரணாம்பட்டுப் பெண்ணிடம் ஒரு மாதிரிச் சார்ட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பெயர், ஊர் எதுவும் இல்லாமல் பயிற்சிக்கென்றே எழுதியது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். "கோலிசிஸ்டெக்டமி" என்ற சொல். டிகிரியில் பித்தப்பையைப் பற்றிப் படித்தவள்தான். ஆனால் சொல்லைப் பிரிக்கத் தெரியவில்லை. கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, எக்டமி என்றால் அறுத்து எடுத்தல். பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள். பிரித்துக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவுதானாக்கா?" என்றாள். ஆமாம், இப்படி ஒரு முந்நூறு நானூறு துண்டுகள்தான்.

ஒரு நீளநோட்டு வாங்கிப் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் தமிழ்ச் சொல், அடுத்து மருத்துவச் சொல், கடைசியில் அதன் துண்டுகள். சிறுநீரகம், கிட்னி, நெஃப்ரோ, ரீனல். கல்லீரல், லிவர், ஹெப்பாட்டோ. ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி. ஓட்டமி என்றால் வெட்டித் திறப்பது, ஆஸ்டமி என்றால் வெளியே வாய் வைப்பது, எக்டமி என்றால் எடுத்துவிடுவது. இந்த மூன்றும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ஆனால் மூன்றும் மூன்று அறுவைசிகிச்சை, மூன்று கோடு, மூன்று விலை. தமிழை முதல் பத்தியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கணையம் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று தமிழில் உங்கள் அம்மாவுக்கு விளக்க முடிந்தால் அது உங்களுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள்.

வேலூர் வெயிலில் மத்தியானம் படிப்பு ஏறாது. காலை ஐந்து முதல் ஏழு வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மண்டலம் போதும்: எலும்பு, இதயம், மூச்சு, செரிமானம், சிறுநீர், நரம்பு, நாளமில்லாச் சுரப்பி, தோல். எட்டு வாரம் ஓடிவிடும். எலும்பை விரல் வைத்துத் தொட்டுப் படியுங்கள். முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. கை ஊன்றி விழுகிற பாட்டிகளுக்கு முறிவது பெரும்பாலும் ரேடியஸின் கீழ்முனை. இப்படிப் படித்தது மறக்காது.

ஐ.சி.டி.-10-சி.எம். கோடுகளும் அவற்றுக்கான அதிகாரபூர்வ வழிகாட்டி நெறிகளும் அமெரிக்க அரசுத் தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த நெறிகளின் முதல் பிரிவை மட்டும் இந்த இரண்டு மாதத்திலேயே இரண்டு முறை வாசித்துவிடுங்கள். சி.பி.டி. அப்படியில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பதிப்புரிமை உள்ள புத்தகம், விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பழைய வருஷத்துப் புத்தகம் யாராவது சீனியரிடம் இருந்தால் படித்துப் பழக அது போதும், தேர்வுக்குப் போதாது.

ஒரு கால் புண், நான்கு கோடு

சார்ட்டைப் படிப்பது எப்படி என்று ஒன்றையாவது கிட்டத்தில் காட்டிவிடுகிறேன். மருத்துவர் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 58 வயது ஆண். இரண்டாம் வகை சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ரத்த அழுத்தம் உண்டு. வலது கால் பெருவிரலில் ஆறாத புண், கொழுப்பு அடுக்கு தெரிகிறது. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டேன்.

புதிதாக வருகிறவர்கள் உடனே கோடு புத்தகத்தின் அகரவரிசை அட்டவணையில் "கால்" என்று தேடுவார்கள். உறுப்பின் பெயரில் தேடாதீர்கள், நோயின் பெயரில் தேடுங்கள். சர்க்கரை, இரண்டாம் வகை, அதன் கீழே "உடன்" என்ற சொல், அதன் கீழே கால் புண். அது இ11.621 என்று காட்டும். இங்கேயே நிறுத்திவிடக் கூடாது. அகரவரிசை அட்டவணை வழிகாட்டுகிற பலகை மட்டுமே, வீடு வேறு இடத்தில் இருக்கிறது. எண்வரிசைப் பகுதிக்குப் போய் அந்தக் கோட்டின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "புண்ணின் இடத்தைக் காட்ட இன்னொரு கோடு சேர்க்கவும்" என்று இருக்கும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்97க்குப் போங்கள். அங்கே "அடிப்படை நோயை முதலில் போடவும்" என்று இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கை காட்டுகின்றன. ஆகவே வரிசை உறுதியாகிவிட்டது: முதலில் இ11.621, அடுத்து எல்97.512. அந்த 512இல் முதல் 5 குதிகாலும் நடுப்பாதமும் தவிர்த்த பாதப் பகுதி, 1 வலது பக்கம், 2 கொழுப்பு தெரியும் ஆழம். மருத்துவர் ஆழத்தை எழுதாமல் விட்டிருந்தால் நீங்கள் ஊகித்துப் போட முடியாது. அப்புறம் ரத்த அழுத்தத்துக்கு ஐ10, இன்சுலினுக்கு இசட்79.4.

இதில் சிக்கல் இல்லாத சர்க்கரைக்கான இ11.9ஐயும் சேர்த்துப் போட்டு வருகிற சார்ட்டுகளை ஆடிட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். புண் இருக்கும்போது "சிக்கல் இல்லை" என்ற கோடு எப்படி நிற்கும்? ஒரே நோயாளியைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதே ஆளுக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் கதை மாறும். சர்க்கரையும் நாள்பட்ட சிறுநீரக நோயும் ஒரே சார்ட்டில் இருந்தால், வேறு காரணம் என்று மருத்துவர் சொல்லாதவரை இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே வழிகாட்டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் அப்படியே. அப்போது ஐ10 போய் ஐ12 வரும். ஒரு நோய் கூடினால் ஒரு கோடு கூடும் என்று கணக்குப் போடாதீர்கள், சில நேரம் பழைய கோடே செல்லாமல் போய்விடும்.

இன்னொரு பாடம், இதில் தடுக்கி விழாத ஃப்ரெஷரை நான் பார்த்ததில்லை. வெளிநோயாளிப் பிரிவில் மருத்துவர் "நிமோனியாவாக இருக்கலாம்" என்று எழுதினால் நிமோனியா கோடு போடக் கூடாது. இருமல், காய்ச்சல் என்று உறுதியாகத் தெரிந்த அறிகுறியைத்தான் போட வேண்டும். அதே சொல்லை உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சமயத்தில் எழுதியிருந்தால் நிமோனியா இருப்பதாகவே கோடு போடலாம். "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லுக்கு வாசல் மாறினால் அர்த்தம் மாறுகிறது. அதனால் சார்ட்டைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நோயை இல்லை, அது எந்த இடத்துச் சார்ட் என்பதை.

சி.பி.டி. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து இலக்கம். அறுவைசிகிச்சைக் குறிப்பின் தலைப்பைப் பார்த்துக் கோடு போடாதீர்கள், உடம்பைப் படியுங்கள். தலைப்பில் "கொலோனோஸ்கோப்பி" என்று மட்டும் இருக்கும், அதாவது பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது. அதற்கு 45378. உள்ளே படித்தால் கம்பிச் சுருக்கு போட்டுப் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியை எடுத்திருப்பார்கள். அப்போது அது 45385. பார்ப்பதற்கான 45378ஐ அதோடு சேர்க்கக் கூடாது, எடுப்பதற்குள் பார்ப்பதும் அடங்கிவிட்டது.

பயிற்சி மையத்தில் கேட்க வேண்டியவை

இரண்டு மாதம் கழிந்ததும் மையம் தேடுங்கள். நானும் சென்னைக்குப் போன புதிதில் ஓரிடத்தில் ஏமாந்தவள். "வேலை உறுதி" என்று சொல்லி என் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாதியில் ஆசிரியர் மாறினார், பிறகு வகுப்பே நின்றுவிட்டது. மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்க ஆறு முறை ரயில் ஏறினேன். காட்பாடியிலிருந்து சென்னைக்கு 130 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் அம்மாவின் ஒரு வாரப் பீடிக்கூலி போனது. அதனால் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரிஜினல் சான்றிதழை எந்த மையத்திலும் கொடுக்காதீர்கள். வேலைக்கு டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாடம் எடுக்கப்போகிறவர் யார், எத்தனை வருஷம் சார்ட்டில் உட்கார்ந்தவர் என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் சும்மா உட்கார அனுமதி கேளுங்கள். அவர் கோடுகளைப் பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் அந்த இடம் வேண்டாம். சார்ட்டைத் திரையில் போட்டு "எந்த வரி முக்கியம்?" என்று கேட்டால் அங்கே சேரலாம். கோடு மொத்தம் எழுபதாயிரத்துக்கு மேல் இருக்கிறது, யார் மனப்பாடம் செய்ய முடியும்? உண்மையான நோயாளியின் பெயரோடு சார்ட்டைப் பயிற்சிக்குக் கொடுக்கிற இடம் என்றால் அந்த நிமிஷமே வெளியே வாருங்கள். அடுத்தவர் ரகசியத்தைக் காக்கத் தெரியாதவரிடம் இந்தத் தொழிலைக் கற்கவே கூடாது.

தேர்வு

சான்றிதழ் கொடுக்கும் அமைப்புகள் முக்கியமாக இரண்டு, இரண்டும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. 1928இல் பதிவேட்டு நூலகர்களின் சங்கமாகத் தொடங்கிய அஹிமா ஒன்று, 1988இல் தொடங்கிய ஏ.ஏ.பி.சி. இன்னொன்று. நம் பிள்ளைகள் அதிகம் எழுதுவது ஏ.ஏ.பி.சி.யின் சி.பி.சி. தேர்வு. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. மூன்று கோடு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். அனுபவம் இல்லாமல் தேறினால் பெயருக்குப் பின்னால் சி.பி.சி.-ஏ என்று பயிற்சி நிலையைக் காட்டும் எழுத்து இருக்கும். இரண்டு வருஷ வேலையைக் காட்டினால் அது போய்விடும்.

புத்தகம் கையில் இருக்கிறதே என்று அசட்டையாகப் போய்த்தான் 2014இல் நான் முதல் முறை தோற்றேன். அப்போது 150 கேள்வி, 5 மணி 40 நிமிஷம். ஒவ்வொன்றையும் ஒழுங்காகத் தேடி எழுதிக்கொண்டே வந்தேன். மணி அடித்தபோது முப்பது கேள்விகளுக்கு மேல் தொடவே இல்லை. அன்று இரவு விடுதியில் சாப்பிடாமல் படுத்திருந்தேன். அம்மா ஃபோனில், "அடுத்த தடவை தெரிஞ்சதை முதல்ல எழுதுடி" என்றார். பள்ளிக்கூடமே போகாத அம்மா சொன்னதுதான் சரியான வழி.

இப்போதைய கணக்கில் ஒரு கேள்விக்கு 2 நிமிஷம் 24 விநாடி. கேள்வியை முழுக்கப் படிக்கும் முன் நான்கு விடைகளையும் பாருங்கள். எங்கே வேறுபடுகின்றன? இரண்டில் மட்டும் வலது என்றும் மற்ற இரண்டில் இடது என்றும் இருந்தால், கேள்வியில் தேட வேண்டியது பக்கத்தை. பாதி விடைகள் அங்கேயே விழுந்துவிடும். புத்தகத்தில் பக்கத்தை அடையாளம் காட்டும் ஒட்டுச்சீட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அளவோடு. விளிம்பில் உங்கள் கையெழுத்தில் சிறுகுறிப்பு இருக்கட்டும். நான் சர்க்கரைப் பக்கத்தின் ஓரத்தில் "புண்ணா? எல்97ஐப் பார்" என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது முறை அது எனக்குக் கை கொடுத்தது.

வேலைக்குப் போன பிறகு

சேர்ந்ததும் எந்தப் பிரிவு என்று கம்பெனிதான் சொல்லும். ரேடியாலஜி, எமர்ஜென்சி, சர்ஜரி, எச்.சி.சி. என்று பல உண்டு. எச்.சி.சி. என்பது மூத்தோர் காப்பீட்டில் ஒருவருக்கு என்னென்ன நாள்பட்ட நோய் இருக்கிறது என்று வருஷாவருஷம் கணக்கெடுப்பது. சார்ட் நூறு பக்கம் வரும். படிக்கப் பழகியவர்களுக்கு அது வரம். எதுவாக இருந்தாலும் ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட், 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று தரம், இரண்டும் கழுத்தைப் பிடிக்கும். முதல் ஆறு மாதம் டார்கெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் தரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் பின்னால் வந்தே தீரும். வேகமாகத் தப்புப் போடப் பழகிய கையைத் திருத்துவது மிகவும் கஷ்டம்.

வேலை செய்யும் தளத்துக்குள் ஃபோன் கிடையாது. பல இடங்களில் பேனா, காகிதம்கூடக் கிடையாது. அமெரிக்காவின் 1996ஆம் வருஷத்து ஹிப்பா சட்டம் நோயாளியின் தகவலைக் காக்கச் சொல்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்தாலும் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். என் மகள் திரையை எட்டிப் பார்த்தாலும் நான் மூடிவிடுவேன். முகம் தெரியாத ஒரு மனிதரின் புற்றுநோய் அவருடைய சொந்த விஷயம்.

அதேபோல, செய்யாத வேலைக்குக் கோடு போடச் சொல்லி யார் சொன்னாலும் போடாதீர்கள். மருத்துவர் எழுதவில்லை என்றால் அது நடக்கவில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி. சந்தேகம் இருந்தால் கேள்வி எழுப்பி அனுப்ப வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மென்பொருளே கோடு போட்டுவிடும் என்கிறார்களே என்று எல்லோரும் கேட்கிறார்கள். மார்பு எக்ஸ்ரே மாதிரி இரண்டு வரிச் சார்ட்டுகளில் அது நடக்கத் தொடங்கிவிட்டது. நான்கு மருத்துவர்கள் நான்கு விதமாக எழுதி வைத்த நூறு பக்கச் சார்ட்டில் எது உண்மை என்று முடிவு செய்ய இன்னும் ஆள் வேண்டும். அட்டவணையைப் பார்த்து எண்ணை எடுக்க மட்டும் தெரிந்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஊரிலேயே இருக்க நினைப்பவர்களுக்கு

சென்னைக்குப் போக முடியாத பிள்ளைகள், முக்கியமாக வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், எம்.ஆர்.டி. வேலையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான். ஆனால் என் கண்ணைப் பழக்கியது அந்த மூன்று வருஷம்தான்.

ஃபைல் அடுக்குவதிலேயே ஒரு படிப்பு இருக்கிறது. நோயாளி எண் 482763 என்றால் அதை 48, 27, 63 என்று பிரித்து, கடைசி இரண்டு இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 63ஆம் பகுதிக்குப் போய், அதில் 27ஐத் தேடி, அதில் 48ஆவது இடத்தில் வைப்பது. ஏன் இந்தத் தலைகீழ்? வரிசையாக அடுக்கினால் புது ஃபைல் எல்லாம் கடைசி அலமாரியிலேயே குவியும், எல்லோரும் அங்கேயே இடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்த முறையில் 00 முதல் 99 வரை நூறு பகுதிகளிலும் சமமாகப் பரவும். ஆளுக்குப் பத்துப் பகுதி என்று பொறுப்பும் பிரித்துக் கொடுக்கலாம்.

ஒரு முறை 63இல் போக வேண்டிய ஃபைல் 36இல் போய்விட்டது. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இறந்துபோன மனைவியின் ஃபைல் நகல் கேட்டு வந்திருந்தார், காப்பீட்டுக்கு வேண்டும். நோயாளி தரப்பில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷத்து விதி. உள்நோயாளிக் குறிப்பை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டு நாள் தேடினோம். பெரியவர் ஊருக்குப் போகாமல் பேருந்து நிலையத்திலேயே படுத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. இலக்கம் இடம் மாறிப் போயிருக்கலாம் என்று யோசித்து 36இல் பார்த்தபோது கிடைத்தது. அன்றிலிருந்து எந்த எண்ணையும் வாய்விட்டு ஒரு முறை படிக்காமல் நான் எழுதுவதில்லை. கோடிங்கிலும் அப்படித்தான்.

பெயரில் வரும் குழப்பம் வேலூருக்கே உரியது. வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் முகர்ஜி என்றும் முகோபாத்யாய் என்றும் ஒரே குடும்பப் பெயரை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழுந்துவிட்டால் பாதி வரலாறு ஒரு ஃபைலிலும் மீதி இன்னொன்றிலும் போய்விடும். நம்மவர்களுக்கோ குடும்பப் பெயரே இல்லை, இனிஷியல்தான். படிவத்தில் "கடைசிப் பெயர்" என்ற கட்டத்தில் ஒருமுறை அப்பா பெயரும் அடுத்தமுறை ஊர்ப் பெயரும் வரும். பிறந்த தேதி, ஃபோன் எண், அப்பா அல்லது கணவர் பெயர் என்று மூன்றையாவது ஒப்பிட்டுப் பார்க்காமல் புது எண் போடாதீர்கள்.

இறப்புச் சான்று வேலையைக் கற்றுக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மருத்துவமனையில் இறந்தவருக்குப் படிவம் 4இல் மருத்துவர் காரணம் எழுத வேண்டும். "இதயம் நின்றது" என்று எழுதினால் அது காரணமே இல்லை, எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். ரத்தத்தில் கிருமி பரவியது, அது காலில் அழுகிய புண்ணால் வந்தது, அந்தப் புண் சர்க்கரையால் வந்தது என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால், கடைசி வரியில் இருக்கும் சர்க்கரைதான் அடிப்படைக் காரணம். ஐ.சி.டி. பிறந்ததே இதற்காகத்தான். 1893இல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் போட்டுக் கொடுத்த இறப்புக் காரணப் பட்டியல்தான் வளர்ந்து வளர்ந்து இன்றைய புத்தகமானது. அந்தப் படிவத்தை நிதானமாகப் பார்த்து, வரிசை தப்பாக இருந்தால் பணிவாக மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போய், "சார், இது கீழ் வரியில் வரணுமா?" என்று கேட்கிற ஒருவர் இருந்தால்தான், நம் மாவட்டத்தில் எத்தனை பேர் எதனால் சாகிறார்கள் என்பது சரியாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. ஐ.சி.டி.-10-சி.எம். ஒவ்வொரு அக்டோபர் 1ஆம் தேதியும், சி.பி.டி. ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் மாறும். 2015 அக்டோபர் 1 அன்று ஐ.சி.டி.-9 போய் 10 வந்தபோது நான் தளத்தில் இருந்தேன். அதுவரை கையே தானாகத் தட்டிய 250.00 ஒரே இரவில் இ11.9 ஆனது. பத்து வருஷ சீனியர்களும் அன்று புதியவர்களைப்போல ஒவ்வொரு எண்ணையும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சார்ட்டில் எழுதியிருந்த நோய் மாறவில்லை. சார்ட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு வாரத்தில் நிமிர்ந்துவிட்டார்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்கி, சேர்ந்த கோடு, நீங்கிய கோடு, திருத்திய கோடு என்று மூன்று நிறத்தில் உங்கள் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பேரணாம்பட்டுப் பெண்ணுக்கு நீளநோட்டோடு அந்த மூன்று பேனாவையும் வாங்கிக் கொடுத்துத்தான் பஸ் ஏற்றிவிட்டேன். வளையலை மீட்க அவள் அம்மா அப்படியே கடைத்தெரு பக்கம் போவதாகச் சொன்னார்.